லேப்டாப்பில் சத்தம் வரலையா? டிரைவர் கோளாறா, ஸ்பீக்கர் பழுதா? கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கம்ப்யூட்டர் பாகங்களுக்குப் பெயர்போனது பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. ஆனா, சத்தம் வராத லேப்டாப்புக்கு ஸ்பீக்கர் தேடி அங்கே கிளம்பும் முன் இதையெல்லாம் வீட்டிலேயே பாருங்க. டிரைவர் கோளாறு என்றால் செலவே இல்லாமல் சரியாகிவிடும்.

முதலில் செட்டிங்ஸ்: மியூட்டில் இருக்கிறதா? சத்தம் ப்ளூடூத் ஹெட்செட்டுக்கோ, டிவிக்கோ போகிறதா?

ஹெட்போன் சோதனை: வயர் ஹெட்போனில் கேட்டு, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லையா? பெரும்பாலும் ஸ்பீக்கரோ அதன் வயரோதான் பழுது. சத்தம் கரகரத்தாலும் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கலாம்.

இரண்டிலும் வரலையா? டிவைஸ் மேனேஜரைத் திறங்க. ஆடியோ கருவியின் பெயரில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறாக இருக்கலாம். அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்க. விண்டோஸ் தானே மறுபடி ஏற்றும். சரியாகவில்லை என்றால், லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை டவுன்லோடு செய்யுங்க. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதனால் 11-க்கு மாறிய பிறகு சத்தம் போயிருந்தால், முதல் சந்தேகம் டிரைவர் மீதுதான்.

கடைசி சோதனை: பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' மட்டும் கொடுங்க. அதில் சத்தம் வந்தால் ஹார்ட்வேர் நல்லாத்தான் இருக்கு. அதிலும் மௌனம் என்றால் சவுண்ட் சிப், போர்டு பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்பவும் போர்டை மாற்றியே ஆகணும் என்றில்லை. சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டைச் செருகி, ஹெட்போனில் கேட்கலாம். சந்தையில் வாங்கினால், அங்கேயே ஒரு பாட்டு போட்டுப் பார்த்துட்டு காசு கொடுங்க.