வரப்புல ஒரு மூடி போட்ட வீடு



போன மாசம் வரப்பு செதுக்கும்போது, மண்வெட்டி முனையில ஒரு ரூபா காசு அளவுக்கு மண் மூடி ஒண்ணு தூக்கிக்கிச்சு. அடியில விரல் நுழையிற வளை. உள்சுவர் பூராவும் நூலால பூசியிருந்துச்சு. மூடிக்குக் கீலும் அதே நூல்தான். படிச்சவங்க இதைப் பொறிக்கதவுச் சிலந்தின்னு சொல்றாங்க. ராத்திரியில மூடிக்குப் பின்னால காத்திருந்து, பக்கத்துல வர்ற பூச்சியைப் பிடிக்கும். வலை கட்டி ஊருக்குக் காட்டுற சாதி இல்ல. அதனாலதான் இது இருக்கிறதே பலருக்குத் தெரியாது.

எங்க கம்பம் பள்ளத்தாக்குக்குப் பெரியாத்துத் தண்ணி வந்தது 1895ல. அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சு, 1900ல, லண்டன் மியூசியத்துல இருந்த போகாக் இந்தியாவோட பொறிக்கதவுச் சிலந்தி ரெண்டுக்குப் பேர் வச்சார். ஒண்ணு இடியாப்ஸ் ஃபாஸர், இன்னொண்ணு இடியாப்ஸ் கன்ஸ்ட்ரக்டர். லத்தீன்ல ஃபாஸர்னா தோண்டுறவன், கன்ஸ்ட்ரக்டர்னா கட்டுறவன். நம்ம கிணறு வெட்டுற ஆளும் கொத்தனாரும்தான்!

ஒடிசா சிலிகா ஏரியில இருக்கிற பர்குடா தீவோட பேர்ல 1921ல இன்னொரு இனத்தை எழுதினவர் கிரேவ்லி. நீங்க போயிருப்பீங்களே, எழும்பூர் மியூசியம், அதுக்கு 1920லருந்து 1940 வரைக்கும் தலைவரா இருந்தவர் அவர்தான். அப்புறம் 1977ல டிக்காதர் மெட்ராஸ் பேர்லயே ஒண்ணுக்கு இடியாப்ஸ் மெட்ராஸென்சிஸ்னு பேர் வச்சார். பேர் வச்சது இத்தனை பேர். ஆனா ஊர்ல கேட்டா எல்லாமே "எட்டுக்கால் பூச்சி"தான்.

ஆஸ்திரேலியாவுல பார்பரா யார்க் மெயின்னு ஒரு அம்மா 1974லருந்து இந்தச் சிலந்திகளோட வளைகளுக்கு நம்பர் போட்டு வருஷா வருஷம் பார்த்துட்டு வந்தாங்க. அதுல 16ஆம் நம்பர் ஒரு பெண் சிலந்தி. அதே வளையில 43 வருஷம் வாழ்ந்து 2016லதான் செத்துச்சு. அதுவும் வயசாகி இல்ல, ஒரு குளவி மூடியைத் துளைச்சு உள்ள போயிருச்சு. ஆண் சிலந்தி வளர்ந்ததும் துணை தேடிக் கிளம்பிரும். பொம்பளைக்குக் குட்டியா இருக்கும்போது தானே தோண்டின வளையே சாகுற வரைக்கும் வீடு. அதைப் பெருசு பண்ணிக்கிட்டே இருக்கும்.

இதைப் படிச்சப்புறம்தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. உழவு வயல்ல இது தங்காது. உழாத வரப்பும் கரையும்தான் மிச்சம். அதையும் நாம ஜேசிபி விட்டு ஒரே நாள்ல மட்டம் தட்டிடுறோம்.

மூடியைப் பதமா வச்சுட்டு வந்தேன். மூணாம் நாள் பார்த்தா, ஓரத்துல புது நூல் ஓடியிருந்துச்சு. அந்த இடத்துல ரெண்டு முழத்துக்கு இனி மண்வெட்டி வைக்கிறதில்லன்னு ஆளுங்ககிட்டயும் சொல்லிட்டேன்.