இஞ்சினின் நாடி

தோவாளைப் பூச்சந்தை விடியுமுன்பே விழித்துவிடுவது. பிச்சியும் அரளியும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும். கேரளத்துக்குப் போகும் வண்டிகள் அவற்றை ஏற்றிக்கொண்டு வெயிலுக்கு முன் புறப்பட்டாக வேண்டும். அப்படி நிற்கும் பழைய டீசல் வேன் ஒன்றின் இஞ்சினுக்குள்ளிருந்து, நேற்றுவரை இல்லாத ஒரு ‘கடகட’ சத்தம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்திருப்பது பேரிங் என்றால், அப்படியே ஓட்டுகையில் கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்து வெளியே வந்துவிடக்கூடும். பயந்துபோய் இஞ்சினை இறக்கினாலோ, ஓர் இஞ்செக்டர் கோளாறுக்காக முழு வேலைக்கும் செலவழித்ததாகிவிடும், பூவும் வாடிவிடும். இவ்விரண்டு நஷ்டங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு மெக்கானிக்கின் காது. அந்தக் காதுக்கு நெடிய வரலாறு உண்டு.

திறக்காமலே உள்ளிருப்பதை ஒலியால் அறியும் கலையை ஐரோப்பிய மருத்துவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நூலாக எழுதத் தொடங்கிவிட்டனர். ஆஸ்திரியாவின் அவன்பிருகர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி மது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கும் வழக்கத்திலிருந்தே, மார்பைத் தட்டி நோயறியும் எண்ணம் அவருக்குப் பிறந்தது என்பர். அவரது நூல் 1761இல் வெளிவந்தது. 1816இல் பாரிஸில் லென்னெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அதுதான். ஸ்குரூடிரைவரின் முனையை இஞ்சின் மீதும் பிடியைக் காதோரத்திலும் வைத்துக் கேட்கும் நம்மூர் மெக்கானிக், லென்னெக்கின் பெயரை அறியாமலே அவருடைய மாணவர்.

ஆனால் மருத்துவருக்கில்லாத தொல்லை ஒன்று மெக்கானிக்குக்கு உண்டு. டீசல் இஞ்சின் ஆரோக்கியமாக இருக்கும்போதே அடித்துக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. தெளித்த டீசல் உடனே பற்றுவதில்லை. கண்ணிமைப்பினும் குறுகிய ஒரு தாமதம் நேர்கிறது. அதற்குள் சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒருசேர வெடிப்பதால் எழுவதே அந்த அடி. இஞ்சின் குளிர்ந்திருந்தால் தாமதமும் கூடும், அடியும் உரக்கும். இதைத் தணிக்கும் முன்னறை அமைப்புக்கு 1909இல் காப்புரிமை பெற்றவர் லோராஞ்ச்.

அவ்வமைப்பு நம் சாலைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் டெம்போ நிறுவனத்தோடு கைகோத்து 1958இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ, 1969இல் மெட்டடார் வேனைக் கொண்டுவந்தது. பெயரும் ஜெர்மனியிலிருந்து வந்ததே. அங்கே 1949இலேயே டெம்போ மெட்டடார் ஓடிக்கொண்டிருந்தது. எண்பதுகளில் மெர்சிடிஸின் ஓ.எம்.616 இஞ்சினை உரிமம் பெற்று நிறுவனம் இங்கேயே தயாரித்தது. 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், முன்னறை, டைமிங் செயின். மெட்டடாரின் உற்பத்தி 2000 வாக்கில் நின்றது. நிறுவனம் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. இந்த இஞ்சினைப் பழகிக்கொண்ட காதுகளோ மிஞ்சின.

அவை கேட்கும் முறை கழித்தல் முறை. இஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு சிலிண்டரின் இஞ்செக்டர் பைப் நட்டைச் சற்றே தளர்த்துவார்கள். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. (கையை அருகே கொண்டுபோகலாகாது, பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும்.) நான்கையும் இப்படி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கையில் ஏதோ ஒன்றில் சத்தம் அடங்கினால், குற்றவாளி அந்தச் சிலிண்டரில்தான் இருக்கிறது. இஞ்செக்டரா, பேரிங்கா என்பது அடுத்த கேள்வி. அதற்கான விடை எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. அந்த இஞ்செக்டரைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டுவார்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால், மாற்ற வேண்டியது நாசில் ஒன்றே. சத்தம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால் கீழே பேரிங்கைப் பார்க்க வேண்டியதுதான்; வண்டியை மேற்கொண்டு ஓட்டுவது ஆபத்து.

நான்கில் எதை நிறுத்தினாலும் சத்தம் மாறவில்லை என்றால் ஐயம் வேறுபக்கம் திரும்பும். மேலே மெல்லிய டிக்டிக் என்றால் வால்வு இடைவெளி. முன்மூடியின் உள்ளே சலசலப்பு என்றால் நீண்டுவிட்ட டைமிங் செயின். டீசல் பம்பையும் அதே செயின்தான் சுழற்றுகிறது, ஆகவே தெளிப்பும் பிந்தும். சூடேறியதும் மறைந்துவிட்டால் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் மோதியிருக்கலாம். இத்தனையும் பார்த்து முடித்தபின் சைலன்சர் கிளாம்ப் தளர்ந்திருப்பது தெரியவந்து எல்லோரும் சிரிப்பதும் உண்டு.

இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறின் எண்ணைப் படிக்கிறார்கள். பழைய வேனில் செருகுவதற்கு இடமேது? தோவாளையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்காற்று வீசும்போது காதருகே வேறொன்றும் கேட்காது. வண்டியை முதலில் ஒரு சுவர் மறைவுக்குத் தள்ள வேண்டும். ஸ்குரூடிரைவர் அதற்குப் பிறகுதான்.