தெமட்டகொடையில் ஒரு லிகிதர்

மருதானையைக் கடந்து கிழக்கே செல்லும் எவரும் தெமட்டகொடையைத் தண்டவாளங்களைக் கொண்டே அடையாளம் காண்பர். புகையிரத எஞ்சின்கள் தரிக்கும் கொட்டில்கள், அவற்றைச் சுற்றித் தொழிலாளர் நெருக்கமாகக் குடியிருந்த தோட்டங்கள், அப்பால் கொலன்னாவையின் எண்ணெய்க் குதங்கள், அரசாங்கத் தொழிற்சாலை - இவையே இப்பகுதியின் முகம். கொழும்பு நகரைப் பற்றி எழுதியோர் கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்கும் கோட்டையின் வர்த்தக நிலையங்களுக்கும் பக்கம் பக்கமாய் இடம் கொடுத்தார்கள். தெமட்டகொடைக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது. ஆயினும் இலங்கைத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றில் இவ்விடத்துக்கு ஒரு திகதி உண்டு. 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்து ஊர்வலமாகச் சென்றவர்கள்மீது பொலிசார் இங்கு துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். அதில் மாண்டவர் பெயர் வி. கந்தசாமி.

அவர் எஞ்சின் கொட்டிலில் வேலை செய்தவரல்லர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருமல்லர். அவர் ஓர் அரசாங்க லிகிதர்; தமிழர். பேனா பிடித்துக் காரியாலயத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு மனிதர், கைகளில் எண்ணெய்க் கறை படிந்த தொழிலாளரோடு அந்த வீதிக்கு எவ்வாறு வந்து சேர்ந்தார்? இவ்வினாவுக்கு விடை தேடினால், மக்கள் இயக்கங்கள் எவ்வாறு பலம் பெறுகின்றன, அப்பலத்தை அதிகாரம் எவ்வாறு எதிர்கொள்கிறது, பின்னர் அது எவ்வாறு சிதறுகிறது என்ற மூன்றும் ஒரே நூலில் கோத்தாற்போல் தெரியவரும்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. வரண்ட மண்ணில் புகையிலையும் வெங்காயமும் பயிரிட்டு, மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பித்து, மகனை ரயிலேற்றிக் கொழும்புக்கு அனுப்பிய தகப்பனுக்கு, அரசாங்க உத்தியோகம் என்பது சம்பளம் மட்டுமன்று. சகோதரிகளின் சீதனமும், முதுமையில் ஓய்வூதியமும், ஊரில் ஒரு மதிப்பும் அதனுள் அடங்கியிருந்தன. இத்தகைய உத்தியோகத்தைப் பணயம் வைப்பது இலகுவான காரியமன்று. அன்றைய அரசாங்க ஊழியருக்குப் பதிவு பெற்ற தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. சங்கம் என்ற பெயரில் அவர்கள் செய்யக்கூடியது, "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியர்" என்று கையொப்பமிட்டு மனு அனுப்புவதொன்றே. மனுக்கள் கோவைகளுக்குள் சென்று உறங்கின. அக்கோவைகளை அடுக்கி வைத்தவர்களும் அதே லிகிதர்களே என்பது காலம் செய்த கேலி.

லிகிதருக்கும் தொழிலாளிக்கும் இடையே இருந்த தூரத்தை இன்றைய மாணவர் எளிதில் உணரமாட்டார். ஒருவர் மாதச் சம்பளக்காரர், மற்றவர் நாட்கூலி. ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுபவர். மற்றவர் பெருவிரல் அடையாளம் இடுபவர். தொழிலாளியின் கூலிப்பட்டியலில் அபராதத்தை எழுதிய கையும் லிகிதரின் கையே. இத்தூரத்தைக் கடக்க இரண்டாம் உலக யுத்தமும் அதன் பின் வந்த விலையேற்றமும் வேண்டியிருந்தன. அரிசியும் துணியும் விலையேறியபோது, கழுத்துப்பட்டி அணிந்தவனும் தானும் கூலிக்காரனே என்பதைக் கண்டுகொண்டான்.

தொழிலாளர் தரப்பிலோ பாதை முன்னரே வெட்டப்பட்டிருந்தது. 1893இல் அச்சுத் தொழிலாளரும், 1906இல் வண்டிக்காரரும், 1912இல் புகையிரதத் தொழிலாளரும் வேலையை நிறுத்திக் கொழும்பை வியப்பில் ஆழ்த்தினர். 1922இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிற்சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே புகையிரதத் தொழிலாளரிடம் தொடங்கிய கிளர்ச்சி நகரெங்கும் பரவிப் பொது வேலைநிறுத்தமாயிற்று. 1929இல் ட்ராம் வண்டித் தொழிலாளரின் போராட்டத்தின்போது மருதானைப் பொலிஸ் நிலையத்தின் முன் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அவ்வாண்டிலேயே முதலாளிமார் சம்மேளனம் குணசிங்கவின் சங்கத்தோடு உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டது. அதுவரை "கூலிகளோடு பேசுவதில்லை" என்ற நிலையில் இருந்தவர்களை மேசைக்கு இழுத்து வந்தது சங்கத்தின் நியாயமா, தொழில் நின்றுபோன நாட்களின் நட்டமா என்று கேட்டால், நாம் இரண்டாவதையே சொல்வோம். நியாயம் 1893லும் இருந்ததே!

ஆனால் குணசிங்கவின் கதை அங்கு நிற்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்து வேலை அருகியபோது, அவர் சிங்களத் தொழிலாளியின் எதிரியாக முதலாளியைக் காட்டாமல் மலையாளத் தொழிலாளியைக் காட்டினார். 1933இல் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையில் வேலைநிறுத்தம் மூண்டபோது, அங்கு பெருந்தொகையினர் இந்தியத் தொழிலாளர். குணசிங்க அவர்களுக்கு எதிராக நின்றார். அவர்களின் சங்கத்துக்குத் தலைமை தாங்க முன்வந்தவர்கள் வாலிபர் கழகத்தைச் சேர்ந்த கொல்வின் ஆர். டி சில்வா முதலான இளைஞர்கள். அந்த வேலைநிறுத்தத்தைப் பெரிய வெற்றி என்று கூற இயலாது. எனினும் இனம் கேளாத ஒரு தொழிலாளர் இயக்கம் அங்கே தோன்றிற்று. அவ்விளைஞர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை ஆரம்பித்தனர். நகரத் தொழிலாளரின் தலைமை மெல்ல மெல்லக் குணசிங்கவிடமிருந்து நழுவியது.

இனி 1947க்கு வருவோம். முந்திய ஆண்டு ஒக்டோபரில் நடந்த வேலைநிறுத்தத்தில் அரசாங்கத் தொழிலாளரும் நகரத் தொழிலாளரும் தம் பலத்தை ஒருமுறை பார்த்துவிட்டிருந்தனர். அரசாங்கம் வாக்குறுதிகள் தந்தது. அவை நிறைவேறத் தாமதமாயின. அரசாங்க லிகிதர் சேவைச் சங்கம், ரி. பி. இலங்கரத்தினவின் தலைமையில், ஊழியருக்குத் தொழிற்சங்க உரிமையும் அரசியல் உரிமையும் வேண்டுமெனக் குரலெழுப்பியது. அவரும் சங்கத்தின் முன்னணியினரும் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டனர். மே மாத இறுதியில் லிகிதர்கள் வெளியேறினர்; பல்லாயிரம் தொழிலாளரும் வெளியேறினர். பேனாவும் சுத்தியலும் ஒரே நாளில் கீழே வைக்கப்பட்டன.

அதிகாரத்தை உண்மையில் உலுக்கியது இதுவே. தொழிலாளி மட்டும் நின்றால் பட்டாளத்தைக் கொண்டு ரயிலை ஓட்டலாம். லிகிதன் மட்டும் நின்றால் சில வாரங்கள் கோவைகள் தூசி படியும். இருவரும் நின்றால், உத்தரவு எழுதப்படுவதுமில்லை; எழுதப்பட்டாலும் நிறைவேற்றப்படுவதுமில்லை. அரசாங்கம் என்று நாம் ஏதோ ஒன்றைத் தனியே நினைத்துக் கொள்கிறோம். அது பல்லாயிரம் பேர் காலை எட்டு மணிக்குத் தவறாது வேலைக்கு வருவதால் மாத்திரமே உயிர் வாழ்வது.

சுதந்திரம் வாயிற்படியில் நின்ற நேரம் அது. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் சில வாரங்களில் வரவிருந்தது. வெள்ளைத் தேசாதிபதியிடமிருந்து ஆட்சியைப் பெறக் காத்திருந்த டி. எஸ். சேனநாயக்காவும் அவர் மந்திரிமாரும், கைக்கு வரப்போகும் இயந்திரத்தைத் தொழிலாளர் நிறுத்தி வைப்பதைப் பொறுப்பார்களா? ஜூன் 5ஆம் நாள் தெமட்டகொடையில் துவக்கு பேசியது. கந்தசாமி வீழ்ந்தார்.

வேலைநிறுத்தம் தோற்றது. இதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை. தலைவர்கள் வேலை இழந்தனர். அதே ஜூன் மாதத்தில் அரசாங்க சபை அவசர அவசரமாக 1947ஆம் ஆண்டு 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. நீதிமன்றத்தின் சாதாரண வழிகளை ஒதுக்கிவைத்து, பிரமாணங்கள் மூலம் ஆளும் வல்லமையை அது நிருவாகத்துக்கு வழங்கியது. சுதந்திர இலங்கையின் தொட்டிலுக்கு அருகே கிடந்த முதற் பரிசுகளில் இதுவும் ஒன்று.

எனினும் தோல்வியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டே, 1948இல், தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, அரசாங்க ஊழியரும் பதிவு பெற்ற சங்கம் அமைக்க இடமளிக்கப்பட்டது. சங்கங்கள் தம்முள் ஒன்றிணையக் கூடாது, அரசியல் சார்பு கூடாது என்ற வேலிகளும் கூடவே இடப்பட்டன. உரிமையைக் கொடுத்த சட்டமே கைகோப்பதைத் தடை செய்தது! சட்டம் வரைந்தவர்கள் தெமட்டகொடையின் பாடத்தைத் தொழிலாளரைவிடத் தெளிவாகக் கற்றிருந்தனர்.

வேறோர் இடத்திலும் அப்பாடம் பயன்பட்டது. 1947 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 95 ஆசனங்களில் 42ஐயே பெற்றது. இடதுசாரிக் கட்சிகள் மூன்றும் சேர்ந்து 18 பெற்றன. மலையகத் தோட்டத் தொழிலாளர் தம் வாக்குகளைத் தம் காங்கிரசுக்கும், பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் அளித்தனர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் ஏறக்குறைய 7 இலட்சம் பேரை நாடற்றோராக்கி வாக்காளர் இடாப்பிலிருந்து துடைத்தன. துவக்கால் ஓர் ஊர்வலத்தைக் கலைக்கலாம். ஒரு வர்க்கத்தின் பெரும்பகுதியையே வாக்குச் சாவடியிலிருந்து கலைக்க ஒரு பேனா போதும். தமிழ்க் காங்கிரசின் தலைவர்களிற் சிலர் இவ்விடயத்தில் காட்டிய இரக்கமின்மையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இயக்கத்தின் அலை அதற்குப் பின்னும் ஒருமுறை உயர்ந்தெழுந்தது. 1953இல் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஓகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிகளின் அழைப்பில் நடந்த ஹர்த்தாலுக்குத் தமிழரசுக் கட்சியும் ஆதரவளித்தது. மேற்குக் கரையோரக் கிராமங்களில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பொலிஸ் சூட்டில் பலர் இறந்தனர். மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற "நியூபவுண்ட்லாந்து" என்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று. சுதந்திரம் பெற்று ஐந்தாண்டுகளில், தம் மக்களிடமிருந்து தப்ப அந்நியன் கப்பலில் ஏறிய மந்திரிசபை! ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். இலங்கையில் மக்கள் இயக்கம் ஒரு பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய முதற் சந்தர்ப்பம் அது.

மூன்றாண்டுகளில் காட்சி மாறியது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்து வாக்களித்தன. ஒரு மொழியை மட்டும் ஏற்றினால் நாடு இரண்டாகும் என்று கொல்வின் எச்சரித்தார். ஆயின் அச்சட்டத்தைக் கொணர்ந்த பண்டாரநாயக்காவின் மந்திரிசபையில் தொழில் மந்திரியாக அமர்ந்திருந்தவர் யார்? 1947இல் வேலை இழந்த லிகிதர் சங்கத் தலைவர் இலங்கரத்தினவே. அவரை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பின்னாளில் அந்நியக் கம்பெனிகளிடமிருந்து எண்ணெய் வியாபாரத்தை மீட்டதிலும், மக்கள் வங்கியை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. கொலன்னாவைக் குதங்கள் அரசுடைமையானது அவ்வழியிலேதான். ஆனால் கந்தசாமியின் மொழியில் அரசாங்கக் கடிதம் எழுதும் உரிமை அதே ஆட்சியில் பறிபோயிற்று என்பதும் அதேயளவு உண்மை.

சங்கம் இதனைத் தாங்கவில்லை. தமிழ் லிகிதர்கள் அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் என்ற பெயரில் தனியே கூடினர். அச்சங்கத்தைச் சேர்ந்த செ. கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்பதற்காக 1962இல் வருடாந்தச் சம்பள உயர்வு மறுக்கப்பட்டு, வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்காட முடியாதென்று அதை மறுத்தது. 1969இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் அம்மறுப்பைத் தள்ளி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மீண்டும் இலங்கைக்கே அனுப்பியது. அக்கேள்விக்கு எந்த நீதிமன்றமும் விடை சொல்லவில்லை. 1947இல் பல்லாயிரவர் வீதியிற் கேட்ட உரிமையை, பதினைந்து ஆண்டுகளின் பின் ஒரு தனி மனிதன் நீதிமன்றப் படிகளில் நின்று கேட்க வேண்டியதாயிற்று.

1966 ஜனவரி 8ஆம் நாளை இடதுசாரி வாசகர் சிலர் நினைவிலிருந்து அகற்ற விரும்பலாம். தமிழ் மொழிக்குச் சிறிது இடம் தரும் பிரமாணங்களுக்கு எதிராக வேலைநிறுத்தமும் ஊர்வலமும் நடந்தன. சமசமாஜக் கட்சியும் மாஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து அதில் நின்றன. கொள்ளுப்பிட்டியில் பொலிஸ் சுட்டதில் ஓர் இளம் பிக்கு இறந்தார். தெமட்டகொடையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு மைல் கணக்கில் அதிக தூரமில்லை. கொடிகளும் ஒருகாலத்தில் அதே சிவப்பே. நடந்தவர்களின் கால்களோ எதிர்த்திசையிற் சென்றன.

1980 ஜூலையில், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 பேரை ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் ஒரே வீச்சில் வெளியேற்றியபோது, தடுத்து நிறுத்தும் வலு எச்சங்கத்துக்கும் இருக்கவில்லை. அத்தோல்விக்கு உரிய காரணங்களை அம்மாதத்தில் மட்டும் தேடுவோர், 1956லும் 1966லும் இழந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. 1947இல் சங்கத்தின் பெயர்ப்பட்டியலில் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. பட்டியல் இரண்டாகக் கிழிந்த பின், அரசாங்கத்துக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே சந்திப்பது எளிதாயிற்று.

2022இல் எரிபொருள் வரிசைகளிலிருந்து எழுந்த மக்கள் காலிமுகத்திடலில் பாசறை அமைத்தனர். மே 6ஆம் நாள் தொழிற்சங்கங்கள் ஹர்த்தால் நடத்தின. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். வடக்குக் கிழக்கு மக்களிற் பலர் இவ்வெழுச்சியைச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தனர். 2009இல் நாங்கள் மாண்டபோது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. ஆயினும் மே 18ஆம் நாள் அதே திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைவுகூர்ந்து கஞ்சி வழங்கப்பட்டது. சிங்கள இளைஞரும் அதனை வாங்கிக் குடித்தனர். இரண்டு மாதங்களின் பின், ஜூலை 22ஆம் நாள் விடியுமுன், படையினர் பாசறையைத் தாக்கிக் கலைத்தனர். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அவசரகால நிலை பிரகடனமாகியிருந்தது; அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, கந்தசாமி இறந்த அதே ஜூன் மாதத்தில் நிறைவேறிய 25ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே.