சினந்தணிந்த மலையும் அதன் விழாக்களும்

முருகப்பெருமானுடைய படைவீடுகள் ஆறனுள் ஐந்தாவதாக எண்ணப்படுவது குன்றுதோறாடல். குன்றங்கள் யாவும் அதனுள் அடங்குமாயினும், அவற்றுள் தலைமை பெற்றதாக அன்பர் கொண்டாடி வருவது திருத்தணிகையையே. தொண்டை நாட்டின் வடவெல்லையில், அரக்கோணத்திற்கு வடக்கே, தமிழும் தெலுங்கும் விரவி வழங்கும் நிலத்தில் இம்மலை நிற்கின்றது. சூரனொடு பொருத செருவின்கண் எழுந்த சினமும், வள்ளிநாயகியார் பொருட்டு வேடரொடு பொருத சினமும் ஈண்டுத் தணிந்தமையால் செருத்தணி எனப் பெயர் பெற்றது என்பர். கச்சியப்ப சிவாசாரியார் தம் கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலத்தில், பெருமான் அம்மையாரோடு இம்மலையில் எழுந்தருளியமையை விரித்துரைத்தார்.

இப்பெயர் குறித்து ஒரு தடை எழுப்புவாருளர். வேண்டுதல் வேண்டாமை இல்லாத முதல்வனுக்குச் சினம் எழுந்தது என்றால் அது விகாரமாகாதோ? விகாரமுடையது கடவுளாமோ? தணிந்தது என்றமையால் முன்பு கொதித்தது என்பது பெறப்படும் அன்றோ? இங்ஙனம் வினவுவார் கூற்றை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. பிற நாட்டுப் பழஞ்சமயங்களைக் கற்றவர்களே பெரும்பாலும் இதனை எழுப்புகின்றனர்; ஆதலின் அச்சமயங்களுள் ஒன்றனை முதற்கண் எடுத்து நோக்குவாம்.

இக்காலத்துத் துருக்கி நாட்டிலே, ஏறத்தாழக் கி.மு. 1650 முதல் கி.மு. 1180 வரை, ஹித்தியர் என்னும் ஒரு சாதியார் பேரரசு செலுத்தினர். அவர்தம் தலைநகர் ஹத்தூசா. அங்கு 1906ஆம் ஆண்டு தொடங்கி அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகளின் மொழியை 1915இல் ஹிரோஸ்னி என்னும் அறிஞர் கண்டறிந்து வெளியிட்டார். அவ்வேடுகளிற் பெரும்பகுதி விழாமுறைகளேயாம். இளவேனிலில் ஒரு பூண்டின் பெயரால் எடுக்கப்பட்ட பெருவிழா 38 நாள் நடைபெற்றது. அரசனும் அரசியும் ஊர்தோறும் சென்று, கோயில்களிலும் மலைகளிலும் நட்ட கற்களின் முன்னும் பலியிட்டு வழிபட்டனர். கூதிர்ப் பருவத்தில் மற்றொரு விழா. நகர்ப்புறத்தே யாசிலிகாயா என இப்போது வழங்கும் பாறைவெளியில், ஒருபால் ஆண் தெய்வங்களும் ஒருபால் பெண் தெய்வங்களும் வரிசையாக நடந்துவந்து நடுவில் எதிர்ப்படுமாறு செதுக்கியுள்ளனர். இடிக்கடவுள் மலைத்தெய்வங்களின் தோள்மீது நிற்க, அவன் தேவி விலங்கொன்றின்மேல் நின்று எதிர்கொள்கின்றாள். நம் திருக்கல்யாண உற்சவத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது.

ஆயினும் ஈண்டு ஒன்று கூறவேண்டும். இத்தகைய ஒப்புமை கண்டவுடனே அவரும் நாமும் ஓரினத்தார் என்று நூல் எழுதிவிடுவாருண்டு. ஹித்தியர் மொழி ஆரிய மொழிகளொடு தொடர்புடையது, தமிழோடு உறவுடையதன்று. மலையும் ஊர்வலமும் தெய்வத் திருமணமும் மக்கள் வாழும் இடமெங்கும் தோன்றத்தக்கனவே.

நம் வினாவிற்குப் பயன்படுவது அவர்தம் தெலிபினு கதையாம். தெலிபினு என்னும் கடவுள் சினங்கொண்டு மறைந்துவிட்டான். பயிர் வாடிற்று, ஆவும் ஆடும் தம் கன்றையும் குட்டியையும் புறக்கணித்தன, தேவரும் பசியால் வருந்தினர். ஒரு தேனீ அவனைக் கண்டுபிடித்தது. பின்னர் மந்திரம் வல்ல தெய்வமகள் ஒருத்தி சடங்குகள் இயற்றி அவன் சினத்தைப் போக்க, அச்சினம் நிலத்தின்கீழ் உள்ள வெண்கலத் தாழிகளில் அடைக்கப்பட்டது. மீண்டும் வெளிவாராவண்ணம் ஈயத்தால் மூடியும் உண்டாம். இக்கதையுள் கடவுளின் சினம் அவனுக்கே அடங்காத ஒரு நோய். பிறர் மருத்துவம் செய்தாலன்றி அது தீர்வதில்லை. அரசன் விழாவெடுப்பதும் அந்நோய் மீளாமைப் பொருட்டே.

இனித் தணிகைக்கு வருவாம். இங்கே சினத்தைத் தணித்தார் எவருமிலர், தானே தணிந்தது. யாரும் பெருமானுக்கு மருந்திட்டதாகப் புராணம் கூறவில்லை. சினத்தின் விளைவு யாது? சூரன் அழிந்தானல்லன், மயிலும் சேவலுமாகி, ஊர்தியும் கொடியுமாகத் திருவடிக்கண் நின்றான். வேடர் மாண்டபின் எழுப்பப்பெற்றனர். மாற்றானை ஊர்தியாக்கும் சினத்தைச் சினமென்ற பெயரால் வழங்குவது உலக வழக்குப் பற்றியே. இறைவன் ஒறுப்பதும் அருளின் பாற்பட்டதே என்பதை அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாருள் ஐயமற நிறுவினார். அதனை மறக்கருணை என்பர் நம்மவர். தந்தை மகனை ஒறுக்குங்கால் கண் சிவத்தல் உண்டு. அகம் சிவத்தல் இல்லை. ஆகவே தணிந்தது என்பது மறக்கருணையாய் நின்ற ஒரே அருள் அறக்கருணையாய் வெளிப்பட்டமையைக் குறித்தது. மேற்காட்டிய தடை இதனால் நீங்கும்.

இக்கருத்தைத் தலத்து வழக்கமே காட்டும். கந்தசஷ்டி நாளில் பிற முருகன் கோயில்களில் சூரசம்மாரம் நடத்துவர். தணிகையில் அது கிடையாது. ஆறாம் நாள் மலர்களைக் குவித்துப் புஷ்பாஞ்சலி செய்வர். விழாவில் ஒன்றைச் செய்யாது விடுதலும் ஓர் உபதேசம் ஆதலைப் பிற தலங்களில் இவ்வளவு தெளிவாகக் காணல் அரிது. சந்நிதியில் ஊர்தியாகிய யானை பெருமானை நோக்காது புறத்தே கிழக்கு நோக்கி நிற்பதும் காணத்தக்கது. தெய்வயானையாரை மணமுடித்த நாளில் இந்திரன் ஐராவதத்தைச் சீராக அளித்தான். அது நீங்கியமையால் அவன் செல்வம் குறைவுறக் கண்டு, அதன் நோக்கு அவன் திசையிற் செல்க எனப் பெருமான் பணித்தனன் என்பர். கொண்டதைக் கொண்டவாறே கொடுத்தவனுக்கும் பயன்படச் செய்த அருள் அது.

ஆடிக் கிருத்திகையே இத்தலத்துப் பெருவிழா. பூக்காவடிகள் மலை முழுதும் நிறையும். அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் தெப்பம் மூன்று நாள் நடைபெறும். மாசியில் வள்ளியம்மை திருக்கல்யாணமும் சித்திரையில் தெய்வயானையம்மை திருக்கல்யாணமும் பிரமோற்சவங்களோடு நிகழ்வன.

மலைமேல் ஏறுவோருட் பலர் அறியாதது, நந்தியாற்றங்கரையிலுள்ள வீரட்டானேசுவரர் கோயில். அட்டவீரட்டங்களுள் இது சேராது. பெயர் மட்டும் அதுவே. பல்லவ அபராசிதவர்மனது 18ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நம்பி அப்பி என்பான் எடுப்பித்த கற்றளி. கருவறையின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். இக்கோயிற் கல்வெட்டில் ஒரு வெண்பா உளது. அதனை மன்னனே பாடியதாகக் கல்வெட்டுக் கூறுகின்றது. திருப்புறம்பியத்தில் பாண்டியனை வென்று, பின்பு ஆதித்த சோழனுக்குத் தன் அரசை இழந்த அம்மன்னன் பாடிய பாட்டு இவ்வூர்க் கல்லில் நின்றுவிட்டது. அடிவாரத்தில் தந்தையின் மறச்செயலைக் குறிக்கும் வீரட்டப் பெயரும், உச்சியில் மைந்தன் சினந்தணிந்த பெயரும் ஓரூரில் அமைந்தமை யாம் பலகால் எண்ணி வியந்ததொன்று. மலைக்குச் செல்லும் அன்பர் இக்கற்றளியையும் தொழுது செல்லவேண்டும், செல்வார் சிலரே.

தணிகைக்குப் பெரும்புராணம் இயற்றியவர் இவ்வூரிற் பிறந்து திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கிய கச்சியப்ப முனிவர். சிவஞான யோகிகளின் மாணவராகிய இவரையும் கந்தபுராணம் செய்த கச்சியப்பரையும் ஒருவராக மயங்குவார் இன்றும் உளர். காலமும் ஊரும் வேறு. முனிவர் 1790இல் காஞ்சியில் பரிபூரணமெய்தினார்.

அருணகிரிநாதர் இத்தலத்துக்குப் பாடிய திருப்புகழ்கள் மிகப் பல. ஏடுகளிற் சிதறிக் கிடந்த திருப்புகழை ஊரூராகத் தேடித் தொகுத்து 1894இல் முதற்பாகம் வெளியிட்டவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளையவர்கள். தம் மைந்தருக்குத் தணிகைப் பெருமான் பெயராகிய செங்கல்வராயன் என்பதையே இட்டார். அப்பாடல்கள் ஏட்டினின்று படிக்கட்டுக்கு வந்தது வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகளால். ஆங்கில ஆண்டுப் பிறப்பன்று மக்கள் பழமும் மாலையும் ஏந்தி வெள்ளைக்கார அதிகாரிகளின் வாயிலில் காத்து நிற்றலைக் கண்ட சுவாமிகள், அந்நாளில் துரைக்கெல்லாம் துரையாகிய பெருமானைச் சென்று காண்போம் என 1910களின் பிற்பகுதியில் திருப்படித் திருவிழாவைத் தொடங்கினார். ஆண்டின் நாள்களுக்கு ஒத்த 365 படிகள். டிசம்பர் 31ஆம் நாள் படிதோறும் நின்று திருப்புகழ் பாடிக் கர்ப்பூரம் ஏற்றிச் செல்வர். துரைமார் போயினர், விழா நின்றுவிடவில்லை.

இவ்வூரின் அரசியல் எல்லை பன்முறை மாறிற்று. 1911இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது, 1953இல் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது, மங்கலங்கிழார், ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1960 ஏப்ரல் 1ஆம் நாள் தமிழகத்தோடு மீண்டும் இணைந்தது. மாநில எல்லை பெயர்ந்த பின்னும் ஆடிக் கிருத்திகைக்குத் தெலுங்கு பேசும் அன்பர்களின் காவடிகள் வழக்கம்போல் வடக்கிலிருந்து வந்து சரவணப் பொய்கையில் இறங்குகின்றன.