காலனிடம் கேட்ட பிள்ளை: அவிநாசிச் சான்றுகள் வழி சாவச்சம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மனிதர் சாவுக்கு அஞ்சுகின்றனரா என்னும் வினா பெரும்பாலும் மெய்யியலாரின் வினாவாகவே கையாளப்பட்டு வந்துள்ளது. வரலாற்று நோக்கில் விடை தேடுவோர் அதற்கு முன் வேறொன்றைக் கேட்க வேண்டும்: யாருடைய சாவு? தன் சாவுக்கு அஞ்சுவதும் தன் பிள்ளையின் சாவுக்கு அஞ்சுவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் பழைய சான்றுகள் சில கொங்கு நாட்டு அவிநாசியைச் சார்ந்துள்ளன. பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திருப்பூர் மாவட்டத்திலுள்ள இவ்வூர், முதலை உண்ட பிள்ளை மீண்டு வந்த ஊராகச் சைவ மரபில் போற்றப்படுகிறது. அந்த அற்புதம் நிகழ்ந்ததா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அதனைப் பாடியவர்களும் கேட்டவர்களும் எதற்கு அஞ்சினர் என்பதே ஆராயப்படுகிறது.

ஊரும் பெயரும்

ஊரின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். சுந்தரர் தேவாரத்தில் (ஏழாம் திருமுறை, 92ஆம் பதிகம்) புக்கொளியூர் என்பது ஊர். அவிநாசி என்பது அங்குள்ள இறைவனை விளிக்கும் பெயர். அழிவில்லாதவர் என்னும் பொருளுடைய வடசொல் அது. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அழியாத மெய்ப்பொருளைக் குறிக்கவும் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. காலப்போக்கில் இறைவன் பெயரே ஊர்ப்பெயராக நிலைத்தது. காசிக்கு இணையான தலமாக அவிநாசியைக் கூறும் வழக்கும் உண்டு. ஆயினும் இரண்டிற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. இறந்தால் வீடுபேறு என்பதற்காக முதியோர் நாடிச் செல்லும் ஊர் காசி. இறந்த சிறுவன் வீடு திரும்பியதாகக் கதை சொல்லும் ஊர் அவிநாசி.

பதிகத்தில் இரு வேண்டுதல்கள்

சுந்தரர் காலத்தைப் பொதுவாக எட்டாம் நூற்றாண்டளவில் வைப்பர். அக்காலத்தில் கொங்கு வழிப்பயணம் அச்சம் தருவதாக இருந்ததை அவர் பாடல்களே உணர்த்துகின்றன. அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள திருமுருகன்பூண்டியில் அவர் பாடிய பதிகம் (49) வில்லேந்திய வடுக வேடுவர் வழிப்போக்கரை மிரட்டி, தாக்கி, உடையைப் பறிப்பதை விரித்துரைக்கிறது. இத்தகைய இடத்தில் நீர் ஏன் இருக்கிறீர் என்று இறைவனையே கடிந்துகொள்கிறது. சிவபூதங்களே வேடுவராய் வந்து பொருளைக் கவர்ந்தன என்று சேக்கிழார் பின்னர் இதற்கு அமைதி கூறினார். பதிகத்தை மட்டும் படிப்போருக்குத் தென்படுபவர்கள் மெய்யான கள்வர்களே.

இந்தப் பின்னணியில் புக்கொளியூர்ப் பதிகத்தின் மூன்றாம் பாடல் கவனத்திற்குரியது. இறைவனை நினைந்தால் கொங்கு நாட்டுக்குள் புகுந்தாலும் ஆடை பறிப்போர் இல்லை என்று அது தொடங்குகிறது. வழியச்சம் நீங்கியவர் அடுத்துக் கேட்பது நீண்ட வாழ்நாளை அன்று, மீண்டும் பிறவாமையை. தமக்கென அவர் வேண்டுவது அவ்வளவே.

நான்காம் பாடலில் குரல் மாறிவிடுகிறது. கரையிலுள்ள முதலையிடம் பிள்ளையைத் தரச் சொல்லுமாறு காலனுக்கு ஆணையிடுக என்று அவர் இறைவனைக் கேட்கிறார். தமக்குப் பிறவியே வேண்டாம் என்றவர், பிறர் பிள்ளைக்கு இதே பிறவியைத் திருப்பிக் கேட்கிறார். அடுத்தடுத்து நிற்கும் இரு பாடல்களுக்கிடையிலான இம்முரணை உரைமரபு முரணாகக் கருதவில்லை. கருத வேண்டிய தேவையும் இல்லை. தன் முடிவை ஏற்கும் துணிவும் பிறர் முடிவை ஏற்க மறுக்கும் உள்ளமும் ஒருவரிடமே இருக்கக் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று காண்பது அரிது.

தன் சாவை அஞ்சாது எதிர்கொள்வதைத் தமிழ் மரபு பலவாறு போற்றியுள்ளது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் துறந்தான்; பிசிராந்தையார் உடன் இருந்து துறந்தார். நாவுக்கரசர் காலனுக்கு அஞ்சமாட்டோம் என முழங்கினார். அவிநாசித் திருப்புகழில் அருணகிரிநாதர் பிறவாமையோடு இறவாமையையும் சேர்த்து வேண்டினார். இவையனைத்தும் பாடுபவரின் அல்லது வீரரின் சொந்த முடிவைப் பற்றியவை. குளத்தில் மூழ்கிய சிறுவனுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது.

சேக்கிழார் காட்டும் இரு வீடுகள்

பதிகத்தில் பிள்ளை உண்டு, முதலை உண்டு, காலன் உண்டு. பெற்றோர் இல்லை, அழுகை இல்லை. அவற்றை விரித்துக் காட்டுவது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தின் வெள்ளானைச் சருக்கம். சேரமான் பெருமாளைக் காணச் செல்லும் சுந்தரர் புக்கொளியூர் அந்தணர் வீதியில் நுழைகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி, அதற்கு எதிர்வீட்டில் அழுகை. ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னொரு நாள் குளத்தில் குளித்தனர். ஒருவனை முதலை விழுங்கியது. தப்பியவனுக்கு இன்று பூணூல் சடங்கு. அதனால்தான் மற்ற வீட்டில் அழுகை.

சேக்கிழாரின் நுண்மை இந்த நாள் தேர்வில் இருக்கிறது. அழுகை சாவு நிகழ்ந்த நாளில் இல்லை. ஆண்டுகள் கழித்து, தம் மகனும் அடைந்திருக்க வேண்டிய பருவத்தை அடுத்த வீட்டு மகன் அடையும் நாளில் எழுகிறது. பிள்ளையை இழந்தோர் அவன் வயதைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே இருக்கின்றனர் என்பதை ஒரு வீதிக் காட்சியில் அவர் சொல்லிவிடுகிறார்.

சுந்தரர் வந்திருப்பதை அறிந்ததும் பெற்றோர் துயரை மறைத்து முகமலர்ச்சியோடு வந்து வணங்குகின்றனர். மகனை இழந்தவர் நீங்களோ என்று அவர் கேட்க, அது முன்பே நிகழ்ந்து முடிந்தது, உம்மை வணங்கவே நெடுநாள் விரும்பியிருந்தோம் என்கின்றனர். இவ்விடை மட்டும் எஞ்சியிருந்தால் அவர்கள் சாவுக்குப் பழகி ஆறிவிட்டனர் என்றே கொள்ள நேரும். முந்தைய பாடலில் கேட்ட அழுகை அவ்வாறு கொள்ள விடுவதில்லை.

மீட்பும் இதற்கேற்பவே அமைகிறது. நான்காம் பாட்டு முடியும் முன்னரே காலன் உயிரைக் கொண்டுவந்து முதலை வயிற்றில் சேர்க்கிறான்; சென்ற ஆண்டுகளின் வளர்ச்சி நிரம்பிய மகனை முதலை கரையில் உமிழ்கிறது. திரும்பி வருபவன் ஐந்து வயதுச் சிறுவன் அல்லன். ஐந்து வயதுப் பிள்ளையே வந்திருந்தாலும் அற்புதம் அற்புதமே. ஆயினும் எதிர்வீட்டு நண்பனுக்கு இணையாக அவன் நின்றிருக்க முடியாது. பெற்றோர் இழந்தது ஓர் உயிரை மட்டுமன்று, அது வளர்ந்திருக்கக் கூடிய காலத்தையும்.

மரணம் மலிந்த காலமும் மனமும்

மேலைநாட்டு வரலாற்றாய்வில் இதனோடு தொடர்புடைய நெடிய விவாதம் ஒன்று உண்டு. முற்கால ஐரோப்பியர் சாவை இயல்பானதாக ஏற்றிருந்தனர் என்று பிலிப் ஆரியே வாதிட்டார். குழந்தைகள் மிகுதியாக இறந்த காலத்தில் பெற்றோர் அவர்கள்மீது ஆழ்ந்த பற்று வைக்கத் தயங்கினர் என்று லாரன்ஸ் ஸ்டோன் 1977இல் எழுதினார். நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் ஆய்ந்த லிண்டா பொல்லாக் 1983இல் இதை மறுத்தார். அவிநாசிச் சான்று பொல்லாக்கின் பக்கமே நிற்கிறது. அதன் வரம்பையும் சுட்ட வேண்டும்: இது அடியார் புகழ் பாடும் நூல், காட்டப்படும் துயரம் அந்தணர் வீட்டுத் துயரம். அதே குளத்தில் இறங்கியிருக்கக் கூடிய பிற குடிகளின் பிள்ளைகளைப் பற்றிப் புராணம் பேசவில்லை. எனினும், கேட்போர் உள்ளத்தில் உடனே தைக்கும் என்ற நம்பிக்கை இன்றி ஒரு புலவர் இக்காட்சியைப் படைத்திருக்க மாட்டார்.

சேக்கிழார் காலத்து இறப்பு விகிதத்தைக் கணிக்க வழியில்லை. அவருக்கு எழுநூறு ஆண்டுகளுக்குப் பிந்திய 1901–1911 காலத்தில்கூட இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 23 ஆண்டுகளே. இந்தத் தாழ்ந்த எண்ணுக்கு முதன்மைக் காரணம் குழந்தை இறப்பு. பிளேக் நோய் பரவிய அந்நாள்களின் நினைவாகக் கோவையில் பிளேக் மாரியம்மன் பெயரில் கோயில்கள் இன்றும் உள்ளன. சாவு மலிந்ததால் அச்சம் மழுங்கியிருந்தால் நோயின் பெயரையே தெய்வத்திற்குச் சூட்டி வணங்கும் தேவை எழுந்திராது.

அவிநாசியில் பிள்ளை மீண்ட நிகழ்ச்சி விழாவாகவும் கொண்டாடப்படுகிறது. குளக்கரையில் சுந்தரருக்குக் கோயில் இருக்கிறது. அவிநாசியப்பர் கோயில் முன்னுள்ள விளக்குத்தூணின் அடியில், முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளிப்படும் காட்சி சிறிய சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. புராணத்தில் கதை அக்கரையோடு முடிவதில்லை. சுந்தரர் மகனைத் தாயிடம் சேர்ப்பித்து, அவனுக்கும் மங்கல ஒலி முழங்கப் பூணூல் சடங்கை முடித்து வைத்த பிறகே மலைநாட்டை நோக்கிப் புறப்படுகிறார்.