நாடுகடத்தப்பட்ட கொடி

1395ஆம் ஆண்டு யூலை மாதம் 31ஆம் திகதி, பேர்கண்டி நாட்டின் கோமகனாகிய பிலிப்பு ஒரு கட்டளை பிறப்பித்தான். அது பகைவர்மேற் படை செலுத்தும் கட்டளையன்று. குடிகள்மேல் வரி விதிக்கும் கட்டளையுமன்று. ஒரு கொடியை நாட்டிலிருந்து வேரோடு களைந்தெறிய வேண்டும் என்பதே அவன் ஆணை. கமே என்னும் கருந்திராட்சைக் கொடிதான் அக்குற்றவாளி. அது தீயது, நம்பத்தகாதது என்று ஆணை பழித்தது. அதன் வைன் கொடிய கசப்புடையதென்றும் அருந்துவோரை நோய்க்குள்ளாக்குவதென்றும் குற்றஞ்சாட்டியது. குறித்த தவணைக்குள் கொடியைப் பிடுங்காதவர் தண்டம் இறுக்க வேண்டும்.

'அஞ்சாநெஞ்சன்' எனப் பெயர்பெற்ற கோமகன், தன்னிலத்தில் ஊன்றி நிற்கும் ஒரு கொடிக்கு அஞ்சியது ஏன்? இதற்கு விடை காணப் பேர்கண்டியின் நிலத்தை முதலில் அறிதல் வேண்டும்.

பிரான்சு தேசத்தின் கிழக்குப் பகுதியில், டிஜோன் நகரிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மலைச்சரிவு செல்கின்றது. கோட் டோர் என்பது அதன் பெயர். அது காலைக் கதிரவனை நோக்கிக் கிழக்குமுகமாகச் சாய்ந்திருப்பது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லும், அதனோடு கலந்த களிமண்ணுமே அச்சரிவின் மண். சரிவின் உச்சியில் மண் மெல்லிது, கொடி வாடும். அடிவாரத்தில் மண் ஆழமானது, ஈரம் தேங்கும், பழம் நீர்த்துப்போகும். இடைப்பகுதியிலோ மழைநீர் வேண்டிய அளவு நின்று, வேண்டாத அளவு வடிந்துவிடும். சிறந்த வைனுக்குரிய தோட்டங்கள் பெரும்பாலும் அவ்விடைப்பகுதியிலேயே அமைந்துள்ளன.

இவ்வேறுபாட்டைப் பொறுமையோடு ஆராய்ந்தவர்களுள் முதன்மையானோர் துறவிகள். 1098ஆம் ஆண்டில் சீட்டோ என்னுமிடத்தில் மடம் நிறுவிய சிஸ்டர்சியத் துறவிகள், தமக்குத் தானமாகக் கிடைத்த நிலங்களில் தலைமுறை தலைமுறையாகத் திராட்சை பயிரிட்டனர். வூஜோ என்னுமிடத்தில் அவர்கள் மதில் எழுப்பி வளைத்த தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேயர் பரப்புடையது; அம்மதில் இன்றும் நிற்கின்றது. அத்துறவிகள் மண்ணையே நாவிலிட்டுச் சுவைத்துப் பார்த்தனர் என்றொரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், எந்தப் பாத்தியின் பழம் எத்தகைய சுவை தரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அந்நிலத்தின் செல்லப்பிள்ளை பினோ நுவார் என்னும் கருந்திராட்சை. அதன் தோல் மெல்லியது, விளைச்சல் குறைந்தது, பனிக்கும் நோய்க்கும் எளிதில் இரையாவது. வெப்ப நாடுகளில் அதன் பழம் விரைந்து கனிந்து நறுமணத்தை இழந்துவிடும். பேர்கண்டியின் குளிர்ந்த காலநிலையில் அது மெல்ல மெல்லக் கனிகின்றது. ஆதலால் பழத்தின் புளிப்பும் மணமும் கெடாமல் நிற்கின்றன. இப்பழத்தின் வைனே அரசர்க்கும் பாப்பரசர்க்கும் பேர்கண்டிக் கோமக்கள் அனுப்பிய பரிசு. நாட்டின் புகழும் வாணிகமும் அதனோடு பிணைந்திருந்தன.

கமக்காரரின் நிலைமை வேறு. 1348ஆம் ஆண்டளவில் பிரான்சிற் பரவிய பெருங் கொள்ளைநோய் ஊர்களை வெறுமையாக்கிற்று. வேலைக்கு ஆள் இல்லை, கூலியோ உயர்ந்தது. ஆண்டு முழுவதும் பேணி வளர்த்தும் அரைக்கூடை பழமே தருகின்ற பினோவை நம்பி ஏழைக் குடும்பம் எவ்வாறு வாழும்? கமேயோ மிகுதியாகக் காய்ப்பது. பினோவிலும் ஏறத்தாழ இரு வாரம் முந்திப் பழுப்பது. அதிகம் பராமரிப்பை வேண்டாதது. எனவே குடிகள் அதனை விரும்பி நட்டனர். அரண்மனைக்குப் புகழ் வேண்டியிருந்தது. குடிசைக்குச் சோறு வேண்டியிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் எழுந்த வழக்கே 1395ஆம் ஆண்டின் கட்டளையாகும்.

கட்டளை முழுவெற்றி பெறவில்லை. டிஜோன் நகரசபை அதனை எதிர்த்தது. பின்வந்த ஆட்சியாளரும் இத்தகைய தடைகளை மீண்டும் விதிக்க நேர்ந்தது. ஒரு தடையைத் திரும்பத் திரும்ப விதிக்க நேர்வதே, அதனைக் குடிகள் மதிக்கவில்லை என்பதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டிலும் கோட் டோர்ப் பகுதியில் கமே பரந்து வளர்ந்துகொண்டிருந்தது.

எனினும் கோமகன் சொன்னது முற்றும் பொய்யன்று. பேர்கண்டியின் சுண்ணாம்பும் களியும் கலந்த வளமான மண்ணிற் கமே அடக்கமின்றித் தழைத்துக் காய்க்கின்றது. அவ்வாறு காய்த்த பழத்தின் வைன் நிறமும் செறிவும் குன்றிப் புளிப்பு மேலிட்டு நிற்கும். கோமகன் கண்ட குறை உண்மையே. அக்குறை கொடியின் பிறவிக்குணம் என்று அவன் முடிவுசெய்ததே பிழை.

அப்பிழையைத் தெற்கே இருந்த நிலம் மெய்ப்பித்தது. பேர்கண்டிக்குத் தெற்கே, லியோன் நகருக்கு வடக்கே, போஜோலே என்னும் குன்றுநாடு உள்ளது. அந்நாளில் அது வேறொரு பிரபு குலத்தின் ஆட்சியிலிருந்தது. பேர்கண்டிக் கோமகனின் ஆணை அங்கே செல்லவில்லை. அதன் வடபகுதியிற் சுண்ணாம்பு அரிது. கருங்கற்பாறை சிதைந்து உதிர்ந்த மணலே மிகுதி. வளங் குறைந்த புளித்தன்மையுள்ள அம்மண் வேறு பல பயிர்களுக்கு ஏற்றதன்று. ஆயின் கமேக்கு அதுவே தக்க இடமாயிற்று. மண்ணின் வறுமை கொடியின் மிகையை அடக்கிற்று. காய் குறைந்தது, பழத்திற் செறிவு ஏறிற்று. பின்வந்த நூற்றாண்டுகளில் அக்குன்றுகள் கமேயின் தாயகமாக மாறின. 1936ஆம் ஆண்டில் மோர்கோன், ஃபிளரி, மூலேன் ஆ வோன் முதலிய பகுதிகளின் வைன்கள் தத்தம் பகுதிப்பெயரால் விற்கப்படும் உரிமையைச் சட்டத்தின் வாயிலாகப் பெற்றன. இன்று இத்தகைய சிறப்புரிமை பெற்ற பகுதிகள் போஜோலேயில் பத்து உள்ளன.

மண் எவ்வாறு சுவையை ஆக்குகின்றது? பாறையின் சுவை வேர்வழியே ஏறிப் பழத்திற் படிகின்றது என்று முன்னாளிற் பலர் எண்ணினர். அஃது அவ்வளவு எளிய செய்தியன்று. நிலம் நீரை எவ்வளவு பிடித்துவைக்கும், எவ்வளவு வடியவிடும், பகலின் வெப்பத்தை எவ்வாறு ஏற்கும், கொடிக்கு எவ்வளவு உணவு கொடுக்கும் என்பனவே முதன்மையானவை. சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் பழத்தோலிலிருந்து வருவன. நீரும் உணவும் அளவோடு கிடைக்கும் கொடியிற் பழம் சிறுத்து, சாற்றை நோக்கத் தோல் மிகுந்து நிற்கும். ஆகவே நிறமும் துவர்ப்பும் செறியும். வெயில் இனிப்பை வளர்க்கும்; இரவின் குளிர் புளிப்பைக் காக்கும். இவற்றின்மேல் மனிதனின் கைத்திறனும் சேர்கின்றது. போஜோலேயிற் குலைகளை நசுக்காமல் முழுதாகவே புளிக்கவைக்கும் வழக்கம், அவ்வைனின் பழமணத்துக்கு ஒரு காரணமாகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலங்களுக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்சரா என்னும் நுண்பூச்சி வேர்களைத் தின்று பிரான்சின் தோட்டங்களைப் பாழாக்கிற்று. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் பிரான்சுக் கொடியை ஒட்டுவதே மருந்தாயிற்று. அந்நிய வேரால் சுவை கெடும் எனப் பலர் அஞ்சினர். இன்று அவ்விரு நிலங்களிலும் கொடிகள் பெரும்பாலும் ஒட்டுக்கொடிகளே. ஆயினும் பேர்கண்டியின் பினோ பேர்கண்டியின் பினோவாகவே உள்ளது. போஜோலேயின் கமே போஜோலேயின் கமேயாகவே உள்ளது.

இவ்வழக்கின் இறுதிச் சாட்சியம் 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவையும் பிரான்சையும் சேர்ந்த விஞ்ஞானிகள் பழைய திராட்சை இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கமேயின் பெற்றோருள் ஒன்று பினோ. மற்றையது கூவே பிளாங் என்னும் தாழ்வாக மதிக்கப்பட்ட வெண்திராட்சை. அஃதாவது, தன் செல்லக்கொடியின் மானத்தைக் காக்கப் புறப்பட்ட கோமகன், அதன் சொந்தப் பிள்ளையையே நாடுகடத்த முயன்றான்!

2015ஆம் ஆண்டில் பேர்கண்டியின் தோட்டப் பகுதிகளை யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமையாக ஏற்றது. துறவிகளும் கமக்காரரும் ஒவ்வொரு பாத்தியையும் வேறுபடுத்தி அறிந்த நுண்ணறிவுக்கு அது தக்க மதிப்பேயாகும். விலக்கப்பட்ட கமேக்கும் தனக்குரிய புகழ் இல்லாமற் போகவில்லை. போஜோலேயின் நல்ல வைன் பல்லாண்டு முதிர்ந்தால் அதன் சுவையும் மணமும் மெல்ல மாறிப் பேர்கண்டி வைனை நினைவூட்டத் தொடங்கும். அப்போது அவ்வூரார், அது 'பினோவாகின்றது' என்று ஒரு வினைச்சொல்லால் அதனைக் குறிப்பர். உறவை மரபணு ஆராய்ச்சி உறுதிசெய்வதற்கு நெடுங்காலம் முன்பே, உழைப்பவர் நாவு அதனை உணர்ந்திருந்தது. எக்கொடியையும் தீயதென்று தள்ளுமுன், அதற்குரிய நிலம் அதற்குக் கிடைத்ததா என்று கேட்பதே நீதி.