கடைக்கு நின்ற பெடியன்: கொழும்புத் தமிழ் வணிகத்தில் தலைமுறை மாற்றம்

வெள்ளவத்தைக் காலி வீதியில் ஐம்பது வயது தாண்டிய கடை முதலாளி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். விலைவாசியில் தொடங்குவார், கடை வாடகைக்குப் போவார், கடைசியில் பிள்ளைகளிடம் வந்து நிற்பார். "பெடியள் கடைக்கு வாறாங்கள் இல்லை." கொட்டாஞ்சேனையிலும் இதே பேச்சுத்தான். இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, கைப்பேசியை விட்டுத் தலை நிமிர்வதில்லை என்று காரணமும் கையோடு வரும். அந்தக் காரணத்தை அப்படியே ஏற்க எனக்கு மனம் இல்லை. தகப்பனுக்குப் பின் மகன் கல்லாவில் உட்காருவதே நம் வணிக மரபு என்ற எண்ணம் அதற்கு அடியில் கிடக்கிறது. கொழும்பில் தமிழர் வணிகம் வளர்ந்த விதத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், அது அவ்வளவு பழைய மரபாகத் தெரியவில்லை. இளையவரைத் தொழிலுக்குள் இழுத்த வழி வேறாக இருந்தது. அந்த வழி எப்படி அடைபட்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

புறக்கோட்டையை ஒட்டிய செட்டியார் தெருவிலிருந்து தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே கடை போட்டார்கள். கடை என்றால் வட்டிக்கடை. வெள்ளைக்கார வங்கிகள் உள்ளூர் வியாபாரிக்கும் சிறு தோட்டக்காரருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. செட்டியார் வங்கியில் வாங்கி உள்ளூரில் கொடுத்தார். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கொழும்புக் கடையை நடத்தியவர் ஏஜெண்டு, அதாவது மேலாள். தவணை பெரும்பாலும் மூன்று வருடம். டபிள்யூ. எஸ். வீரசூரிய இலங்கைச் செட்டியார்களைப் பற்றி 1973இல் எழுதிய நூலும், டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலும் இந்த அமைப்பை விரிவாக விளக்குகின்றன.

நமக்கு வேண்டியது அந்த மேலாள் எங்கிருந்து வந்தார் என்பது. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாக வந்தவர் அவர். கடையில் முதலாளிக்கோ மேலாளுக்கோ முன்னால் சாய்வான மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று தரையில் இருக்கும். கணக்குப் புத்தகமும் காசும் அதற்குள். அந்தப் பெட்டியடியில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்ப்பதால் அந்தப் பெயர். காசு எண்ணுவான், கடிதத்துக்குப் படி எடுப்பான், விடியற்காலையில் வாய்ப்பாடு ஒப்பிப்பான். முந்திரி, காணி, மா, அரைக்கால் என்று பின்ன எண்களும் அதில் அடங்கும். வட்டியை மனதில் போட்டே சொல்ல வேண்டும். இரவில் பேரேடு சரிபார்க்கும்போது ஒரு சதம் இடித்தால் ஒருவரும் பாயை விரிக்க முடியாது. சில வருடங்களில் பையன் அடுத்தாள் ஆவான். பிறகு, கைராசியும் நாணயமும் இருந்தால், சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மேலாளாகக் கப்பல் ஏறுவான். யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எந்த உண்டியலை ஏற்பது என்பதெல்லாம் அவன் தீர்ப்பு. முதலாளியிடம் கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் கொடுக்கல் வாங்கலே முடிந்திருக்கும். தவணை முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகை போட்டுக் கணக்கை ஒப்புவிப்பான். கையில் சேர்ந்த பணத்தோடு சொந்தக் கடை போட்டவர்களும் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் படிகளில் ஏறித்தான் வந்தார்கள்.

இங்கே வேலை பழகியவன் பெரும்பாலும் முதலாளியின் மகன் அல்லன், இனத்துப் பையன். அவனைத் தொழிலில் பிடித்து வைத்தது பாசமோ பரம்பரையோ மட்டும் அல்ல. ஒவ்வொரு படியிலும் அவனுக்கென்று ஒரு கணக்கு இருந்தது, ஒரு தவணை இருந்தது, தவணைக்கு அப்பால் ஒரு நம்பிக்கையும் இருந்தது.

இந்த ஏணியைச் சாய்த்தவர்கள் இளையவர்கள் அல்லர். 1925இல் கொழும்பில் சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்தன. வங்கிகள் கையைச் சுருக்கின. உலகப் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக வைத்த நிலங்கள் செட்டியார் வசம் போனதும், அவர்கள் மேல் உள்ளூர் வெறுப்பும் ஏறியது. 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழுவுக்குப் பின் 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. செட்டியார் செய்த வேலையின் ஒரு பகுதி அங்கே போயிற்று. 1941இல் கடன் இணக்கச் சட்டம் வந்தது. எல்லாவற்றிலும் பெரிய வெட்டு 1948இல் விழுந்தது. குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் வந்தபின் செட்டிநாட்டிலிருந்து பத்து வயதுப் பையனைக் கொண்டுவந்து பெட்டியடியில் உட்கார வைக்க வழியில்லை. மேலே மேலாள் இருந்தாலும் கீழே பையன் இல்லை. வட்டிக்கடைகள் தேய்ந்தன, தெருவின் பெயர் மட்டும் தங்கிற்று. தங்க விலையைச் சொல்லும்போது இன்றைக்கும் நாம் செட்டியார் தெருவைத்தான் சொல்கிறோம். ஆடிவேல் தேரும் அங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுகிறது.

யாழ்ப்பாணத்து வணிகம் வேறு தளத்தில் இதே போன்ற ஓர் ஏணியை வைத்திருந்தது. காரைநகர், புங்குடுதீவு, வேலணை என்று தீவகத்து ஊர்களிலிருந்து போனவர்கள் கொழும்பிலும் சிங்கள ஊர்களிலும் சுருட்டுக்கடை, பலசரக்குக்கடை, சாப்பாட்டுக்கடை திறந்தார்கள். காகம் போகாத இடத்துக்கும் காரைதீவான் (காரைநகரான்) போவான் என்று ஊரில் கேலியாகச் சொல்வதுண்டு. ஊரிலிருந்து சொந்தக்காரப் பையன் ஒருவன் வருவான். "கடைக்கு நிக்கிறான்" என்பதுதான் அவனைப் பற்றிய பேச்சு. வேலை செய்கிறான் என்றோ படிக்கிறான் என்றோ சொல்வதில்லை, நிற்கிறான், அவ்வளவுதான். இரவில் கடைக்குள்ளேயே படுக்கை. சம்பளம் முதலாளியிடமே கிடக்கும். திருவிழாவுக்கு ஊர் போகும்போது கைக்கு வரும். சில வருடங்களில் சிறு பங்கு கிடைக்கும், அல்லது பக்கத்து ஊரில் புதுக்கடை ஒன்றை அவன் பொறுப்பில் விடுவார்கள். அந்தக் கடைக்கு இன்னொரு பையன் ஊரிலிருந்து வருவான்.

இதை ஏணி என்று மட்டும் எழுதினால் பாதிப் பொய். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் ஆறாம் வகுப்போடு மறந்தவர்கள், கிடந்த சம்பளத்தைக் கேட்கவே பயந்தவர்கள், பங்கு வரும் வரும் என்று நரைத்துப்போனவர்கள் இந்தக் கதையில் நிறையப் பேர். பெண் பிள்ளைக்கு இதில் இடமே கிடையாது. இந்த வலியை அறிந்தவர்களே பிறகு முதலாளிகள் ஆனார்கள். தாங்கள் நின்ற மாதிரி தம் மகன் நிற்கக் கூடாது என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

கொழும்பின் வரைபடத்திலேயே இந்த நினைப்பைக் காணலாம். கொட்டாஞ்சேனை துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் ஒட்டியது. பொன்னம்பலவாணேசர் கோயிலும் சாந்த லூசியா பேராலயமும் நிற்கும் அந்தப் பகுதி சரக்கோடும் கடையோடும் வாழ்ந்தது. 1930இல் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய வீரகேசரி நாளிதழும் அந்தப் பக்கத்தில்தான், கிராண்ட்பாஸில். வெள்ளவத்தை தெற்கே, கடலோர ரயில் பாதையில். அரசாங்க இலிகிதர்களும் ஆசிரியர்களும் வக்கீல்களும் வீடு வாங்கிச் சின்ன யாழ்ப்பாணம் ஆக்கிய இடம் அது. உத்தியோகம் புருஷ லட்சணம் என்ற சொல் அங்கேதான் வீட்டு முகவரி பெற்றது. கொட்டாஞ்சேனையில் கடை நடத்தியவர் நாலு காசு சேர்ந்ததும் என்ன செய்தார்? வெள்ளவத்தையில் வீடு வாங்கினார், மகனை நல்ல கல்லூரிக்கு அனுப்பினார், மகளுக்கு உத்தியோக மாப்பிள்ளை தேடினார். கடையின் வெற்றிக்கு அளவுகோல், மகன் கடைக்கு வர வேண்டிய தேவை இல்லாமல் போவது. பெடியள் வரவில்லை என்று இன்று புலம்புகிறவர்களின் தகப்பன்மார் கண்ட கனவு இதுதான். அது பலித்துவிட்டது என்பதே உண்மை நிலை.

பலித்த கனவும் நேர்கோட்டில் ஓடவில்லை. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் அரசாங்க உத்தியோகத்தின் கதவைச் சாத்தியது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் மருத்துவத்துக்கும் பொறியியலுக்குமான வாசலைக் குறுக்கியது. படித்த பிள்ளைகள் கணக்கியல் பக்கம் திரும்பினார்கள். பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959இல் சட்டத்தால் நிறுவப்பட்டிருந்தது. பிற்காலத்தில் சிமா (CIMA) கணக்கியல் வகுப்புகள் கொழும்பெங்கும் பரவின. தகப்பனின் பேரேட்டைத் தொடாத மகன் வேறொரு கம்பனியின் பேரேட்டைச் சரிபார்த்தான்.

1977இல் பொருளாதாரம் திறந்தபோது தமிழ் முதலாளிகளில் சிலருக்கு வேகமான வளர்ச்சி. ஆறு வருடத்தில் 1983 ஜூலைக் கலவரம் வந்தது. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகள் எரிந்தன, இரத்மலானைப் பக்கத்துத் தொழிற்சாலைகளும் தப்பவில்லை. அங்கு தாக்கப்பட்டவற்றில் எஸ்-லோன் குழாய் நிறுவனமும் ஒன்று. அதை நடத்திய மகாராஜா நிறுவனத்தை ராஜேந்திரம், மகாதேவன் என்ற இருவர் தொடங்கி வைத்தார்கள். ராஜேந்திரத்தின் மகன் ராஜமகேந்திரன், 1990களில் அதே நிறுவனத்தை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். தமிழ் அலைவரிசையான சக்தி 1998இல் வந்தது. தந்தைக்குப் பின் மகன் வந்த வெற்றிக்கதை என்று இதைச் சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு. மகன் தகப்பன் செய்ததையே திரும்பச் செய்யவில்லை. தன் காலத்துக்கான புதுத் தொழில் ஒன்றை அதே பெயரின் கீழ் திறந்தார். புதுக்கடையைப் புது ஆளிடம் விடும் பழைய வழக்கத்தோடு இதற்கு ஏதோ உறவு இருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு அத்தகைய வசதி இல்லை. எரிந்த கடையைத் திரும்பக் கட்டியவர்கள் பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பினார்கள். தீயைப் பார்த்தவர்கள் மகனைக் கல்லாவில் உட்கார வைப்பார்களா? 1995இன் பெரும் இடப்பெயர்வுக்குப் பின் வடக்கிலிருந்து வந்தவர்களால் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் நிரம்பின. லொட்ஜுகள், தொடர்மாடிகள், வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்கும் கொமினிகேஷன் கடைகள், காசு மாற்றும் இடங்கள், புடவைக்கடைகள் வந்தன. உத்தியோகத்தர் ஊரான வெள்ளவத்தை கடைத்தெருவாகியது இப்படித்தான். அதை ஓட்டியது வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசு. கடையை விட்டுப்போன தலைமுறையே கடைக்கு வாடிக்கையாளரையும் அனுப்பி வைத்தது என்றும் சொல்லலாம்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் மறுபடி ஓர் அலை புறப்பட்டது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். மிஞ்சி நின்ற இளையவர்கள் தொழிலே வேண்டாம் என்கிறார்களா? தொடர்மாடி வீடுகளில் கேக் செய்து விற்கும் பெண்கள், மணப்பெண் அலங்காரம், இணையத்தில் புடவை விற்பனை என்று பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. தொழிலுக்கு வருகிறார்கள், தகப்பனின் கல்லாவுக்கு வருவதில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்? சம்பளம் என்று ஒன்று இல்லை, கேட்டபோது காசு. பங்கு என்று ஒன்று இல்லை, "எல்லாம் உனக்குத்தானே" என்ற பதில். தவணையும் இல்லை, தகப்பன் கண்மூடும்வரை காத்திருக்க வேண்டும். பெட்டியடிப் பையனுக்கு இருந்த கணக்குக்கூடச் சொந்த மகனுக்கு இல்லை.

காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் வேறு மாதிரிக் கண்டேன். முன்னறையில் தகப்பன் பில் புத்தகத்தோடு. பின்னறையில் மகள், முக்காலியில் கைப்பேசியை நிறுத்தி, காஞ்சிபுரப் புடவை ஒன்றின் முந்தானையை விரித்துக் கனடாவில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விலை சொன்னாள். விற்ற புடவையைத் தகப்பனின் அலுமாரியிலிருந்து எடுத்து, கொள்முதல் விலையில் தன் கொப்பியில் பற்று எழுதினாள். மேலே வரும் இலாபம் அவளுடையது. மாதக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து கணக்கு முடிப்பார்கள் என்றாள். போன மாதம் முந்நூற்றைம்பது ரூபா இடித்ததாம், இரவு பதினொரு மணிவரை தேடினார்களாம். கொப்பியைப் புரட்டிப் பார்க்கக் கேட்டேன். முதல் பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி. கையெழுத்து தகப்பனுடையது.